முளைநெல்லும் அடுப்பும்

(ஓட்டப்பிடாரம் திருவிழாப் பந்தலில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இத்திருவிழாவில் நாள்தோறும் நாயன்மார் ஒருவரது வரலாற்றைக் கேட்டு இன்புற்று வருகின்றீர்கள். இன்று நம் பங்குக்கு வாய்த்தது இளையான்குடி மாறனார் வரலாறு. அதனோடு விழாக்குழுப் பெரியவர்கள் வேறொரு வேண்டுகோளும் விடுத்தனர். இவ்வூரில் சில இல்லங்களில் அடுப்பை அணைத்துவிட்டார்களாம். காய், கனி, தேங்காய், முளைவிட்ட பயறு என்று பச்சையாகவே உண்டு வருகின்றார்களாம். “இது சைவத்துக்கு உகந்ததா? உடம்புக்கு நல்லதா? ஐயா சொல்லவேண்டும்” என்றார்கள். முதலில் வரலாற்றைச் சொல்லிவிட்டு, இக்கேள்விக்குப் பிறகு வரலாம் என்றுதான் எண்ணினோம். வரலாற்றை மறுபடியும் ஓதிப் பார்த்தபொழுது, கேள்விக்கு விடை அதற்குள்ளேயே கிடக்கக் கண்டோம்.

மாறனார் செல்வராய் இருந்து, அடியார்க்கு அமுதளித்தே வறியவரானவர். ஒரு மழைக்கால நள்ளிரவில் இறைவன் அடியார் கோலத்தில் வந்து வாயிலில் நிற்கின்றான். வீட்டில் ஒரு பிடி அரிசி இல்லை. கடன் தருவாரும் இல்லை. அம்மையார் ஒரு வழி சொல்கின்றார்: பகலில் விதைத்த நெல் வயலில் முளையோடு கிடக்கின்றதே, அதை வாரிக்கொண்டு வந்தால் அமுதாக்கலாம் என்று. இருளில், கொட்டும் மழையில், கூடையைத் தலையிற் கவிழ்த்துக்கொண்டு, காலால் தடவித் தடவிச் சென்று அம்முளைநெல்லை வாரி வருகின்றார் மாறனார். அன்பர்களே, அடுத்து நடந்ததை நாம் பெரும்பாலும் விரைந்து கடந்துபோய்விடுகின்றோம். அதைச் சற்று நின்று பார்க்கவேண்டும். எரிக்க விறகில்லை என்கின்றார் அம்மையார். மாறனார் கூரையின் வரிச்சுக் கொம்புகளை அறுத்து வீழ்த்துகின்றார். மழை பெய்துகொண்டிருக்கின்றது, இவர் வீட்டை அறுத்து விறகாக்குகின்றார்! அம்மையார் ஈரநெல்லை வறுத்து, குத்தி அரிசியாக்கி, உலையிலிட்டுச் சோறாக்குகின்றார். கொல்லையிற் பறித்த இளங்கீரை கறியாகின்றது.

முளைவிட்ட தானியம் கையில் இருக்கின்றது. பறித்த கீரையும் இருக்கின்றது. இன்று பச்சையுணவு உண்போர் தேடுகின்ற இரண்டும் அங்கே ஆயத்தமாய் இருந்தன. அவற்றை அப்படியே படைத்திருக்கலாமே! வீட்டை ஏன் இடித்தார்? உமியோடு கூடிய நெல்முளை மனிதன் வயிற்றுக்கு ஆகாது என்பதை அந்த உழவர் அறிவார். பசித்த ஒருவருக்குச் செரிக்கும் சோறு ஆக்கித் தருவதற்கு ஒரு கூரையையே விலையாகக் கொடுக்கலாம் என்று அவர் கருதினார். அடுப்பு என்பது அவ்வளவு பெரிய பொருள். அதை அணைக்குமுன் ஒருமுறை எண்ணிப் பார்க்கவேண்டும் என்பதற்கே இதனைச் சொன்னோம்.

இப்படிச் சொல்வதால் பச்சையுணவை நாம் பழிக்கின்றோம் என்று எண்ணற்க. இக்கரிசற் காட்டில் பிறந்தவன் எவன் அதைப் பழிப்பான்? பால் பிடித்த கம்பங்கதிரை உள்ளங்கையில் வைத்துக் கசக்கி ஊதித் தின்னாத பிள்ளை உண்டா? பாசிப்பயற்றங்காயைச் செடியிலேயே உரித்து மென்றபடி பள்ளிக்கூடம் போனவர்கள் இப்பந்தலில் பாதிப்பேர் இருப்பீர்கள். வெள்ளரிப் பிஞ்சு, பச்சை நிலக்கடலை, கிழக்கே தேரிப்பக்கம் போனால் நுங்கு, புதைத்த பனங்கொட்டையைப் பிளந்து எடுக்கும் தவுண், இவையெல்லாம் அடுப்பேறாத அமுதங்களே. ஆனால் அதே பனங்கொட்டை விடும் கிழங்கை நாம் அவித்துத்தான் தின்கின்றோம். எது பச்சை, எது அவிப்பது என்பதை நம் முன்னோர் பிரித்துவைத்திருந்தனர்.

திருக்கோயிலையே பாருங்கள். ஊறவைத்த பச்சரிசியை இடித்து வெல்லம் சேர்த்துப் பிசைந்து அதிலே திரியிடுகின்றோமே, அந்த மாவிளக்கு வேகாத மாவுதான். காப்பரிசி வேகாத அரிசி. தேங்காயும் பழமும் தீயறியாதவை. பானகமும் வடைப்பருப்பும் அப்படியே. அவற்றோடு மடைப்பள்ளியில் பொங்கலும் பொங்குகின்றது. பச்சையும் பக்குவமும் ஒரே தட்டில் இறைவன் திருமுன் வருகின்றன. ஒன்று மற்றொன்றை விலக்கவில்லை. கந்தசஷ்டிக்குத் திருச்செந்தூர் சென்று ஆறு நாளும் பாலும் பழமும் மட்டும் கொண்டு நோன்பிருப்போரை நீங்கள் அறிவீர்கள். ஏழாம் நாள் அவர்கள் சோறுண்டு விரதம் முடிக்கின்றனர். விரதத்துக்கு ஓர் எல்லை உண்டு.

இந்த எல்லையைச் சோதித்துப் பார்த்த பெரியவர் ஒருவர் நம் நாட்டில் இருந்தார். காந்தியடிகள் 1929-ஆம் ஆண்டு மே மாதம், ஆந்திரப் பயணத்தின்போது, வேகாத உணவுக்கு மாறினார். நாளொன்றுக்கு முளைவிட்ட கோதுமை 8 தோலா, அரைத்த வாதுமை 8 தோலா, இடித்த பச்சிலை 8 தோலா, எலுமிச்சம்பழம் ஆறு, தேன் 2 அவுன்சு, இதுவே அவர் கணக்கு. எட்டுத் தோலா என்பது நம் அளவில் ஏறக்குறைய 93 கிராம். சபர்மதி ஆசிரமத்தாரும் பலர் அவரோடு சேர்ந்தனர். அடுப்புப் புகையிலிருந்து பெண்களுக்கு விடுதலை, ஏழைக்குச் செலவுக் குறைவு, அகிம்சைக்கு நெருக்கம் என்றெல்லாம் அதில் அவருக்கு ஆசை. “யங் இந்தியா” இதழில் அதைப் பற்றி எழுதினார். உடன் உண்டவர்களுள் சிலர்க்கு அது ஒத்துக்கொண்டது, சிலர்க்கு ஒவ்வவில்லை. அவ்வாண்டு ஆகஸ்டில் அவருக்கே வயிற்றுக்கடுப்பு வந்து, சோதனையை நிறுத்த நேர்ந்தது. நிறுத்தியதையும் அவர் மறைக்கவில்லை, அதையும் எழுதினார். நாம் போற்றுவது இந்த இரண்டாம் கட்டுரையைத்தான். ஓர் உணவால் தமக்கு நன்மை வந்ததைச் சொல்வோர் ஆயிரம்பேர். தீமை வந்ததை ஊரறியச் சொல்வோர் அரியர்.

ஆகவே நம் இல்லத்தில் நிகழ்ந்ததையும் இங்கே சொல்லிவிடுகின்றோம். நம் தமையனாருக்குச் சர்க்கரை நோய். பதினைந்து ஆண்டாக மாத்திரை உண்டு வந்தார். எங்கோ ஒருவர் பேசக் கேட்டு, “இயற்கையாக உண்டால் மருந்தே வேண்டா” என்று உறுதிகொண்டு, ஒரே நாளில் சோற்றையும் மாத்திரையையும் சேர்த்து நிறுத்தினார். காலையில் வாழைப்பழம், நண்பகலில் மாம்பழமும் தேங்காயும், இரவில் பேரீச்சை. கருப்பட்டி வெள்ளைச் சீனி அன்று, ஆகையால் தீங்கில்லை என்று அதையும் சேர்த்துக்கொண்டார். முதல் வாரம் உடம்பு இலேசாயிற்று என்று மகிழ்ந்தார். நாமும் மகிழ்ந்தோம், நம் அறியாமையை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். மூன்றாம் வாரம் நாவறண்டு, கண் மங்கி, நினைவு தடுமாறி விழுந்தார். தூத்துக்குடிக்குக் கொண்டுசென்று காப்பாற்றினார்கள். அதற்குள் காலில் ஏற்பட்டிருந்த ஒரு சிறு புண் புரையோடி, இடக்கால் விரல் இரண்டை எடுக்க நேர்ந்தது. இன்று அவர் இருக்கின்றார். திருவருள். ஆனால் கோயில் வலம் வரும்பொழுது நம் தோளைப் பற்றிக்கொண்டுதான் வருகின்றார்.

கருப்பட்டியும் சர்க்கரையே, அன்பர்களே. பழத்தின் இனிப்பும் குருதியில் சர்க்கரையாகவே சேர்கின்றது. பச்சையுணவு அவரைக் கெடுத்தது என்று நாம் சொல்லவரவில்லை. மருந்தை எறிந்ததும், இனிப்பையே உணவாக்கியதும் கெடுத்தன. அதே தமையனார் இப்பொழுது மாத்திரையும் உண்கின்றார், மருத்துவர் அறிய நாள்தோறும் வெள்ளரியும் முளைப்பயறும் கீரையும் உண்கின்றார். சோற்றின் அளவு பாதியாயிற்று. சர்க்கரை அளவும் கட்டுக்குள் நிற்கின்றது.

இனிப் பச்சையுணவின் சிறப்பைச் சொல்வோம். உலர்ந்த பாசிப்பயற்றில் சி உயிர்ச்சத்து இல்லை என்றே சொல்லலாம். அதை ஓர் இரவு ஊறவைத்து முளைகட்டினால் அச்சத்து புதிதாகப் பிறக்கின்றது! இரும்புச்சத்தைப் பிணித்துவைத்திருக்கும் பொருளும் முளைக்கும்பொழுது குறைகின்றது. அதன்மேல் எலுமிச்சை பிழிந்து உண்டால் அந்த இரும்பு உடம்பில் இன்னும் நன்றாகச் சேரும். உண்ட உடனே தேநீர் குடித்தால் சேராது. இதைத் தாய்மார்கள் நினைவிற் கொள்க, நம் பெண்பிள்ளைகளுள் பலர் சோகையால் வாடுகின்றார்கள். நெல்லிக்கனியின் சி சத்து வெகு மிகுதி. கொதிக்கவைத்தால் அச்சத்து பெரிதும் அழியும். ஒருவர் நாளொன்றுக்குக் காயும் கனியுமாக 400 கிராமேனும் உண்ணவேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கின்றது. நம் இலையில் சோறு மலைபோலவும் காய் கடுகுபோலவும் அல்லவா இருக்கின்றன!

தீயும் கொடாமல் இல்லை. முருங்கைக்கீரையிலும் தக்காளியிலும் உள்ள சில சத்துகள், சிறிது எண்ணெயோடு வேகும்பொழுதுதான் உடம்புக்கு எளிதில் எட்டுகின்றன. மொச்சை போன்ற பயறுகளில் செரிமானத்தைத் தடுக்கும் பொருள்கள் உண்டு. நன்றாக வெந்தால் அவை போகும். மரவள்ளிக்கிழங்கைப் பச்சையாகத் தின்பது நஞ்சு. முளைப்பயறும் அழுக்கு நீரில் ஊறினால் கேடுதான். 2011-இல் ஜெர்மனியில் வெந்தய முளையின் வழியாகக் கிருமி பரவி ஐம்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அங்கே அது குளிர்நாடு. நம் சித்திரை வெயிலில், துணியில் கட்டிய பயறு ஒரு பகல் கூடுதலாகக் கிடந்தால் என்னவாகும் என்று எண்ணிக்கொள்ளுங்கள். கருவுற்ற பெண்களும், முதியோரும், குழந்தைகளும் முளைப்பயற்றை ஆவியில் ஒரு கொதி காட்டியே உண்பது நன்று.

அந்த ஜெர்மனியிலேயே நெடுங்காலமாகப் பச்சையுணவே உண்டு வந்த 201 பேரை ஆராய்ந்து, 2005-இல் முடிவை வெளியிட்டார்கள். இதயத்துக்குத் தீது செய்யும் கொழுப்பு அவர்களிடம் குறைவாகவே இருந்தது. ஆனால் நூற்றுக்கு 38 பேருக்குப் பி12 உயிர்ச்சத்துப் பற்றாக்குறை இருந்தது. அச்சத்து செடிகொடிகளில் இல்லை. நரம்புக்கும் குருதிக்கும் அது இன்றியமையாதது. பால், தயிர், மோர் உண்கின்ற சைவருக்கு அதனால் ஓரளவு கிடைக்கும். அவற்றையும் விலக்குவோர் மருத்துவரைக் கேட்டு அதனை மாத்திரையாகவேனும் கொள்ளவேண்டும்.

மேற்கே சிவசைலத்தில், சிவசைலநாதர் கோயில்கொண்ட மலையடிவாரத்தில், நல்வாழ்வு ஆசிரமம் என்றொரு நிலையம் உண்டு. சமைக்காத உணவைக் கொண்டே இயற்கை மருத்துவம் செய்யும் இடம். போகவேண்டும் என்போர் தாராளமாகப் போய்வரலாம். தாம் உண்டுவரும் மருந்தின் விவரத்தையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள் என்பதே நம் வேண்டுகோள்.

சைவத்துக்கு உகந்ததா என்ற வினா இன்னும் நிற்கின்றது. புலால் மறுத்தலையே நாம் “சைவம்” என்று வழங்குகின்றோம். அதனால் இலையில் கிடப்பதே சமயம் என்ற மயக்கம் நம்மிடம் புகுந்துவிட்டது. சித்தாந்தம் அப்படிச் சொல்லவில்லை. உடம்பு, கருவிகள், உலகம், நுகர்பொருள் ஆகிய நான்கையும் இறைவன் உயிருக்குத் தந்தான். ஆணவ இருளிலே கிடக்கின்ற உயிர் பக்குவப்படுவதற்குத் தந்தான். தனு, கரண, புவன, போகம் என்று சாத்திரம் இவற்றைச் சொல்லும். தந்தவன் பொருட்டு உடம்பைப் பேணவேண்டும். பேணுவதே தொழிலாகிவிடவும் கூடாது. காலை எழுந்தது முதல் படுக்கும்வரை “நான் எதை உண்டேன், எதை உண்ணவில்லை” என்றே எண்ணுகின்றவனுக்கு உடம்பே ஆணவத்தின் அரியணையாகிவிடும். சமைத்துண்ணும் அண்டை வீட்டாரைப் பார்த்து முகம் சுளிப்பவனைப் பற்றிச் சொல்லவே வேண்டா. பச்சையுணவுக்காரர் திருமண வீட்டில் இலைமுன் அமர மறுத்ததால் உறவு முறிந்ததையும் நாம் கண்டிருக்கின்றோம்.

இச்சாத்திரங்களை எங்கோ தேடிப் போகவேண்டியதில்லை. இம்மண்ணில் 1872-இல் பிறந்த சிதம்பரனாரைக் கப்பலோட்டியவர் என்றும் செக்கிழுத்தவர் என்றும் மட்டுமே நாம் பாடுகின்றோம். அவர் சிவஞானபோதத்துக்கு உரை கண்டு 1935-இல் வெளியிட்டார். மறு ஆண்டு மறைந்தார். சிறையிலே மெலிந்த உடம்பு. வறுமையோடு போராடிய உடம்பு. அந்த உடம்பைக்கொண்டு அவ்வளவு வேலை வாங்கினார் அப்பெருமகனார். இவ்வூர் நூலகத்தில் அவ்வுரை இல்லையாயின் விழாக்குழுவினர் வாங்கிவைக்கவேண்டும். இதையும் ஒரு வேண்டுகோளாக ஏற்றுக்கொள்க.

ஆகையால் அடுப்பை அணைத்த இல்லத்தாருக்கு நாம் சொல்வது இவ்வளவே. ஒருவேளை உணவைப் பச்சையாக வைத்துக்கொள்ளுங்கள்; காலையோ மாலையோ உங்கள் வசதி. மற்ற வேளையில் கம்பஞ்சோறோ, பருப்போ, கீரையோ சமைத்து உண்ணுங்கள். மருந்துண்போர் மருத்துவர் சொல்லாமல் எதையும் நிறுத்தாதீர்கள். வீட்டுக்கு ஒருவர் பசியோடு வந்தால், அவருக்கு வேகவைத்ததே வேண்டுமாயின், அடுப்பை மூட்டுங்கள்.

மாவிளக்குத் தட்டுகள் வரிசையாய் வருகின்றன. இனி நாம் நீட்டலாகாது. மேற்குப் பந்தலில் பானகமும் வடைப்பருப்பும் வழங்குவார்கள். பருப்பை இன்று பிற்பகலில்தான் ஊறவைத்தார்கள், நாம் கேட்டறிந்தோம். சர்க்கரை நோயுள்ள அன்பர்கள் வடைப்பருப்பை வாங்கிக்கொண்டு, பானகத்தைப் பிரசாதமாக உள்ளங்கையில் ஒரு துளி மட்டும் ஏற்றுக்கொள்க. நம் தமையனார் முன்வரிசையில்தான் இருக்கின்றார். அவருக்கும் ஒரு துளி போதும்.