ரேடியோ போடாத பாட்டு முதலிடம் வந்த கதை: பிடிஎஸ்-ஸின் ‘பி’ ஆல்பம்

(ஒலிப்பதிவிலிருந்து எழுத்தாக்கம். வாசிப்புக்காகச் சிறிது திருத்தப்பட்டது.)

இந்த வாரமும் வாலாஜாபாத்ல இருந்துதான் பேசுறேன். நடுவுல ‘டக் டக்’னு ஒரு சத்தம் கேட்டா அது பக்கத்துத் தெரு தறி. பீட்னு நினைச்சுக்காதீங்க.

போன வாரம் ஒரு தங்கச்சி வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தா. “அக்கா, வீட்ல கேக்கறாங்க, ஒரு வார்த்தைகூட புரியாத பாட்டை எதுக்கு இப்படி உக்காந்து கேக்கறேன்னு. நான் என்ன பதில் சொல்றது?” இதுதான் கேள்வி. கே-பாப் கேக்கற எல்லா வீட்லயும் ஒரு தடவையாவது இந்தச் சண்டை நடந்திருக்கும். இதுக்கு ஒரே ஒரு ஆல்பத்தை வெச்சு பதில் சொல்லலாம்னு பாக்கறேன். பிடிஎஸ் 2020 நவம்பர் 20-ஆம் தேதி வெளியிட்ட ‘பி’. ஆங்கிலத்துல ‘இரு’ன்னு அர்த்தம் வர்ற அந்த ‘பி’.

லாக்டவுன்ல பிறந்த ஆல்பம்

பிடிஎஸ் 2013 ஜூன்ல அறிமுகமான 7 பேர் குழு. ஆர்எம், ஜின், ஷுகா, ஜே-ஹோப், ஜிமின், வி, ஜங்குக். 2020 பிப்ரவரி 21-ல ‘மேப் ஆஃப் தி சோல்: 7’னு 20 பாட்டு இருக்கற பெரிய ஆல்பம் வந்துச்சு. ஏப்ரல்ல சியோல்ல ஆரம்பிச்சு உலகம் முழுக்க ஸ்டேடியம் ஸ்டேடியமா போறதா திட்டம். ஆல்பம் வந்து ஒரு வாரத்துக்குள்ள சியோல் நிகழ்ச்சிகள் ரத்து. அதுக்கப்புறம் என்ன நடந்துச்சுன்னு நம்ம எல்லாருக்கும் தெரியும், நாமளும்தான் வீட்டுக்குள்ள இருந்தோம்.

ஏப்ரல் 17-ஆம் தேதி ஆர்எம் யூடியூப் நேரலையில வந்து, அடுத்த ஆல்பத்துக்கு வேலையை ஆரம்பிக்கறோம்னு சொன்னார். அதை எப்படிச் செய்யறாங்கன்னும் அப்பப்ப ரசிகர்களுக்குக் காட்டினாங்க. வேலையைத் தங்களுக்குள்ளயே பிரிச்சுக்கிட்டாங்க. இசை சம்பந்தப்பட்ட பொறுப்பு ஜிமினுக்கு, காட்சி வடிவமைப்பு வி-க்கு, மியூசிக் வீடியோ இயக்கம் ஜங்குக்குக்கு.

ஆல்பம் சின்னதுதான். 8 டிராக், அரை மணி நேரத்துக்கும் கம்மி. வாலாஜாபாத்ல கம்பெனி பஸ் ஏறினா ஒரகடம் போய்ச் சேர்றதுக்குள்ள முடிஞ்சிரும். ஆனா வரிசை மாத்தாம கேளுங்க. முதல்ல ‘லைஃப் கோஸ் ஆன்’. உலகம் நின்னு போச்சு, ஆனாலும் நாள் ஓடுதுன்னு சொல்ற பாட்டு. ஊரே அடங்கின நேரத்துல வந்த பாட்டுன்னு நம்பவே முடியாது, அவ்வளவு மெதுவா, அவ்வளவு சாந்தமா போகும். அடுத்து ‘ஃப்ளை டு மை ரூம்’. வெளிய போக முடியாதவன் தன் ரூமுக்குள்ளயே பயணம் போறான். மூணாவது ‘ப்ளூ அண்ட் கிரே’, வி கொண்டு வந்த பாட்டு. கிட்டார்ல ஆரம்பிக்கும். மனசு சோர்ந்து போனதை மூடி மறைக்காம சொல்லும்.

நாலாவது ‘ஸ்கிட்’, இது பாட்டே இல்ல. ‘டைனமைட்’ அமெரிக்காவுல முதலிடம் வந்த சேதியை வெச்சு ஏழு பேரும் பேசிக்கிட்டு இருக்கறது. ஒருத்தர் பேச்சுல இன்னொருத்தர் விழறாங்க, சிரிக்கறாங்க. நம்ம வீட்ல ரிசல்ட் வந்த அன்னைக்கு இருக்கற சத்தம் மாதிரியே இருக்கும். அப்புறம் ‘டெலிபதி’, பாக்க முடியாத ரசிகர்களுக்கு ஷுகா எழுதினது. ‘டிஸ்-ஈஸ்’ ஜே-ஹோப் ஆரம்பிச்சு வெச்சது. வேலை இல்லாம சும்மா இருக்கும்போது வர்ற குற்ற உணர்ச்சியை நோய்னு பேர் வெச்சு, பழைய ஹிப்-ஹாப் தாளத்துல ஆட வைக்கும். அந்த வருஷம் ஷிப்ட் இல்லாம வீட்ல உக்காந்திருந்தவங்களுக்கு இந்த ஒரு பாட்டுக்கு சப்டைட்டிலே வேண்டாம். ஏழாவது ‘ஸ்டே’. கடைசியா ‘டைனமைட்’.

எனக்கு ஒரு குறை உண்டு, சொல்லிடறேன். ‘டைனமைட்’ இந்த ஆல்பத்துல ஒட்டவே இல்ல. ஏழு டிராக் ஒரு வீட்டுக்குள்ள நடக்குது. எட்டாவது, வெளிய கல்யாண மண்டபத்துல சீரியல் பல்பு போட்ட மாதிரி இருக்கு. அந்தப் பாட்டு ஏன் தனியாத் தெரியுதுங்கறதுலதான் இன்னைக்குக் கதையே இருக்கு.

இங்கிலீஷ் பாட்டும் கொரியப் பாட்டும்

‘டைனமைட்’ 2020 ஆகஸ்ட் 21-ல வந்துச்சு. முழுக்க இங்கிலீஷ். எழுதினது டேவிட் ஸ்டூவர்ட், ஜெசிகா அகோம்பார்னு ரெண்டு பேர். பிடிஎஸ்-ல யாரும் அதுல ஒரு வரி எழுதல. அமெரிக்கா பில்போர்டு ஹாட் 100-ல நேரா முதலிடம். ரேடியோவும் அதை நல்லாவே சுத்துச்சு.

மூணு மாசம் கழிச்சு ‘லைஃப் கோஸ் ஆன்’. பெரும்பாலும் கொரிய மொழி. எழுதினவங்கள்ல ஆர்எம், ஷுகா, ஜே-ஹோப் இருக்காங்க. டிசம்பர் 5 தேதியிட்ட பட்டியல்ல இதுவும் நேரா முதலிடம். அந்தப் பட்டியலோட 62 வருஷ வரலாற்றுல, பெரும்பாலும் கொரிய மொழியில இருக்கற ஒரு பாட்டு முதலிடம் வந்தது அதுதான் முதல் தடவை. அதே வாரம் ‘பி’யும் ஆல்பம் பட்டியல்ல முதலிடம், 2 லட்சத்து 42 ஆயிரம் யூனிட். கொரியாவுல முதல் வாரமே 22 லட்சத்துக்கு மேல வித்துச்சு.

இப்ப ஹாட் 100 எப்படிக் கணக்குப் போடுதுன்னு பாக்கணும். மூணு விஷயத்தைக் கூட்டுவாங்க: ஆன்லைன்ல எத்தனை தடவை கேட்டாங்க, எத்தனை பேர் காசு குடுத்து வாங்கினாங்க, ரேடியோவுல எத்தனை பேர் காதுல விழுந்துச்சு. முதல் ரெண்டும் நம்ம கையில. மூணாவது ரேடியோ நிலையத்தோட கையில. ‘லைஃப் கோஸ் ஆன்’ முதல் வாரம் அமெரிக்காவுல சுமார் 1 கோடியே 49 லட்சம் தடவை ஸ்ட்ரீம் ஆச்சு. சுமார் 1.5 லட்சம் பிரதி வித்துச்சு. ரேடியோவுல? 4 லட்சத்துச் சொச்சம் காது. சாதாரணமா முதலிடத்துல இருக்கற பாட்டுக்கு இது கோடிக்கணக்குல இருக்கும். ஒரே குழு, ஒரே வருஷம், மூணு மாசம்தான் இடைவெளி. மாறினது மொழி. பாட்டோட மெதுவான குணமும் ஒரு காரணம்னு சொல்லலாம், ஒத்துக்கறேன். ஆனா அது மட்டும்னா வித்தியாசம் இவ்வளவு இருக்காது.

இது புதுசும் இல்ல. 2012-ல ‘கங்னம் ஸ்டைல்’ ஞாபகம் இருக்கா? வாலாஜாபாத் ஸ்கூல் ஆண்டு விழா வரைக்கும் வந்த பாட்டு. ஹாட் 100-ல 7 வாரம் ரெண்டாவது இடத்துலயே நின்னுச்சு. மேல இருந்த மரூன் 5 பாட்டுக்கு ரேடியோ பலம் இருந்துச்சு. யூடியூப் பார்வைகளை அப்ப கணக்குலயே சேக்கல. 2013 பிப்ரவரியிலதான் சேத்தாங்க.

“ரசிகருங்க வாங்கிக் குவிச்சதுதானே?”

‘பி’ பத்தி அப்ப வந்த பெரிய விமர்சனம் இதுதான். ரசிகருங்க கூட்டுச் சேந்து வாங்கித் தள்ளினாங்க, அடுத்த வாரமே 28-வது இடத்துக்கு விழுந்துச்சு, அப்ப அது நிஜமான ஹிட்டா?

28-க்கு விழுந்தது உண்மை. வாங்கினாங்க, அதுவும் உண்மை. நானும் ரெண்டு பக்கமும் யோசிச்சுப் பாத்தேன். ஆனா ரேடியோவுல வர்ற பாட்டு மட்டும் தானா மழை மாதிரி பெய்யுதா என்ன? ஒவ்வொரு பெரிய லேபிளும் ரேடியோ நிலையங்களைக் கவனிக்கறதுக்குன்னே ஆள் வெச்சு வேலை பாக்குது. அந்த ஏற்பாட்டுக்குப் பேரு தொழில், பத்தாவது படிக்கற பொண்ணுங்க சேந்து செஞ்சா அதுக்குப் பேரு மோசடியா? கேட்டைத் திறக்க மாட்டேன்னு ஒருத்தர் நின்னாரு. இவங்க செவுரு ஏறிக் குதிச்சாங்க. அந்த ஒரு வாரத்து முதலிடத்தை நான் அப்படித்தான் பாக்கறேன்.

விலையும் இருந்துச்சு. அடுத்த வருஷம் வந்த ‘பட்டர்’ முழுக்க இங்கிலீஷ். மொத்தம் 10 வாரம் முதலிடம். அடுத்து ‘பர்மிஷன் டு டான்ஸ்’, அதுவும் இங்கிலீஷ்தான். 2022 ஜூன்ல ஏழு பேரும் ஒண்ணா சாப்பிட்டுக்கிட்டே பேசின வீடியோவுல ஆர்எம் என்ன சொன்னார்? இந்தப் பாட்டுகளுக்கு அப்புறம் நாங்க எப்படிப்பட்ட குழுன்னே எனக்குத் தெரியாமப் போச்சுன்னு. முதலிடத்துக்கு மேல முதலிடம் வாங்கின ஆள் சொன்னது. நாம சொல்ல என்ன இருக்குங்கறதே மறந்துபோனா அந்த இடத்தை வெச்சு என்ன பண்றது? அதனாலதான் எனக்கு ‘பி’ முக்கியம். பெரிய கதவு திறந்த உடனே, அவங்க மொழியில, அவங்களே எழுதி, மெதுவான ஒரு பாட்டை முன்னாடி வெச்சாங்க. ஜெயிக்கற ஃபார்முலா கையில இருந்தும் அதைக் கடைசி டிராக்கா தள்ளினாங்க.

நம்ம பக்கம் வருவோம்

இதைக் கேட்டு அமெரிக்கா மேல கோவப்படறது சுலபம். நாம மட்டும் என்ன பண்ணோம்?

2006-ல மலேசியாவுல இருந்து யோகி பி, டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ்னு மூணு பேர், ‘யோகி பி & நட்சத்ரா’ங்கற பேர்ல ‘வல்லவன்’னு ஒரு தமிழ் ராப் ஆல்பம் போட்டாங்க. நம்மகிட்ட வந்து சேந்தது எது? ‘மடை திறந்து’. 1980-ல ‘நிழல்கள்’ படத்துக்கு இளையராஜா போட்ட மெட்டை எடுத்து ராப் ஆக்கினது. நல்ல பாட்டு, சந்தேகமே இல்ல. ஆனா ‘வல்லவன்’ல இன்னொரு பாட்டுப் பேர் சொல்லுங்கன்னு நண்பர்கள்கிட்ட கேட்டுப் பாருங்க. அமெரிக்க ரேடியோவுக்கு இங்கிலீஷ் எப்படியோ, நமக்கு சினிமா மெட்டு அப்படி. ஏற்கெனவே தெரிஞ்ச ஒண்ணைப் பிடிச்சுக்கிட்டு வந்தாதான் புதுசை உள்ள விடுவோம். 2011 நவம்பர்ல ‘கொலவெறி’ நாடு பூரா போனப்பவும் அதே கதை. தமிழ்ப் படத்துப் பாட்டு, ஆனா வடக்கே தாண்டிப் போனது அதுல இருந்த உடைஞ்ச இங்கிலீஷை வெச்சு.

மாறவே மாறாதுன்னும் சொல்ல முடியாது. 2021 மார்ச்சுல ‘எஞ்சாய் எஞ்சாமி’ வந்துச்சு. படம் இல்ல, ஹீரோ இல்ல. பாட்டி, தோட்டம், மண்ணுன்னு தமிழ்லயே பேசுச்சு. தமிழ் தெரியாதவங்களும் கேட்டாங்க.

சரி, அந்தத் தங்கச்சி கேள்விக்கு வர்றேன். வீட்ல தாத்தா பாட்டி இருந்தா ‘ஆராதனா’ படம் பாத்தீங்களான்னு கேட்டுப் பாரு. 1969-ல வந்த இந்திப் படம். 1965-ல இந்தி எதிர்ப்புப் போராட்டம் நடந்த அதே தமிழ்நாட்டுல, நாலஞ்சு வருஷத்துல, இந்தி ஒரு வார்த்தை தெரியாதவங்க அந்தப் பாட்டுகளை முணுமுணுத்துக்கிட்டுத் திரிஞ்சாங்க. அப்புறம் 1976-ல ‘அன்னக்கிளி’ வந்து நம்ம ஊர் மெட்டைத் திரும்பக் கேக்க வெச்சது. புரியாத மொழிப் பாட்டு அவங்க தமிழைக் கெடுக்கல. திணிக்கறதைத்தான் எதிர்த்தாங்க, பாட்டை இல்ல.

இன்னொண்ணு. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போனா கொரிய எழுத்துல ஹோட்டல் போர்டு பாக்கறோம். இருங்காட்டுக்கோட்டையில ஹூண்டாய் கார் 1998-ல இருந்து ஓடி வருது. நம்ம தெருப் பசங்க கொரியக் கம்பெனியில ஷிப்ட் பாக்கறாங்க. அந்த மொழி நம்மகிட்ட முதல்ல மேனேஜர் மொழியா, மெஷின் மேல ஒட்டின ஸ்டிக்கரா வந்துச்சு. ‘ப்ளூ அண்ட் கிரே’ கேட்டப்பதான் அந்த மொழியிலயும் ஒருத்தன் ‘எனக்கு முடியல’ன்னு சொல்லுவான்னு எனக்குத் தெரிஞ்சது. வீட்ல கேட்டா இதைச் சொல்லு. புரியலைன்னு கேக்காம விட்டிருந்தா, இது எனக்குக் கடைசி வரைக்கும் தெரிஞ்சிருக்காது.

இந்த வாரம் ஒரு வேலை. ‘பி’யை முதல் டிராக்ல இருந்து வரிசையாக் கேளுங்க, ‘ஸ்கிட்’டைத் தள்ளி விடாதீங்க. முடிஞ்சதும் ‘வல்லவன்’ ஆல்பத்தைத் தேடி எடுத்து, ‘மடை திறந்து’ தவிர மத்ததையும் கேளுங்க. மொழி தெரியாத ஆல்பத்துக்கு நாம குடுத்த பொறுமையில பாதியாவது நம்ம மொழிக்குக் குடுப்போம். அடுத்த எபிசோடுல ‘வல்லவன்’ பத்திப் பேசலாம். எந்தப் பாட்டு பிடிச்சுதுன்னு வாய்ஸ் நோட் அனுப்புங்க. வர்றேன் மக்களே.