தோல் வழியே டி.என்.ஏ. தடுப்பு மருந்து



கோழி வளர்க்கும் அம்மையார் ஒருவர் என்னிடம், "அம்மைத் தடுப்பு மருந்து போட்டும் கோழிகளுக்குக் கொப்புளம் வந்துவிட்டதே, ஐயா" என்று குறைப்பட்டுக்கொண்டார். விசாரித்ததில், இறக்கைச் சவ்வில் குத்த வேண்டிய மருந்து இறகின் மேலேயே பட்டு வழிந்துபோனது தெரிந்தது. மருந்தில் குறையில்லை, சேர வேண்டிய இடத்தில் அது சேரவில்லை. இன்று நான் சொல்ல வந்த செய்தியின் சாரமும் இதுதான். டி.என்.ஏ. தடுப்பு மருந்து என்னும் புதுவகை மருந்தைத் தோலுக்குள் சேர்ப்பதற்கு, ஆய்வுக்கூட விலங்குகளில் என்னென்ன முறைகளைக் கையாண்டார்கள் என்று பார்ப்போம்.

தோலில் ஏன் போட வேண்டும்?

தோல் வெறும் போர்வை அன்று. அதில் காவல் செல்கள் நிறைய உள்ளன. அவற்றில் ஒரு வகையை 1868-ஆம் ஆண்டில் ஜெர்மனியைச் சேர்ந்த பால் லாங்கர்ஹான்ஸ் கண்டறிந்தார். நுழையும் கிருமியின் துணுக்கைப் பிடித்து, நிணநீர்க் கணுக்களுக்குக் கொண்டுபோய்க் காட்டுவது இச்செல்களின் வேலை. காலில் புண் வந்தால் தொடை இடுக்கில் நெறி கட்டுகிறதல்லவா? அங்கே வீங்குவது இந்தக் கணுக்கள்தாம். எதிர்ப்புத் திறன் அங்கேதான் உருவாகிறது. ஆகவே தோலில் சிறிதளவு மருந்து போட்டாலும் பலன் மிகுதியாகக் கிடைக்க வாய்ப்பு உண்டு.

டி.என்.ஏ. மருந்து என்பது என்ன?

வழக்கமான தடுப்பு மருந்துகள் பலவற்றில் வலுவிழந்த கிருமியோ கொன்ற கிருமியோ இருக்கும். டி.என்.ஏ. மருந்தில் கிருமி இல்லை. கிருமியின் ஒரு புரதத்தை உண்டாக்கும் மரபுக்கூறு மட்டும், பிளாஸ்மிட் எனப்படும் டி.என்.ஏ. வளையத்தில் வைத்துத் தரப்படுகிறது. விளைந்த நெல்லைத் தராமல் விதையைத் தந்து, உடம்பாகிய வயலிலேயே விளைவித்துக்கொள்ளச் செய்வது போன்றது இது. சுண்டெலியின் தசையில் மரபுக்கூற்றைச் செலுத்தினால் அது வேலை செய்கிறது என்பதை அமெரிக்க அறிஞர்கள் 1990-இல் வெளியிட்டனர். ஆனால் விதை மண்ணுக்குள் போக வேண்டும். டி.என்.ஏ.வும் அப்படியே, செல்லுக்கு வெளியே கிடந்தால் சிதைந்துவிடும். அதை உள்ளே சேர்ப்பதற்குத்தான் இத்தனை முறைகளும் தோன்றின.

வெங்காயத்தில் பிறந்த துப்பாக்கி

முதல் முறை பயிர் ஆராய்ச்சியில் இருந்து வந்தது என்பது நமக்கெல்லாம் பெருமை. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜான் சான்ஃபோர்டும் அவருடைய குழுவினரும், மரபுக்கூறு பூசிய டங்ஸ்டன் துகள்களை வெங்காயச் செல்களுக்குள் சுட்டுச் செலுத்தினர். அந்த ஆய்வு 1987-இல் வெளிவந்தது. பிறகு வெடிமருந்துக்குப் பதில் ஹீலியம் வாயுவும், டங்ஸ்டனுக்குப் பதில் தங்கத் துகளும் வந்தன. 1992-இல் இவ்வகைத் 'மரபுக்கூறுத் துப்பாக்கி'யால் சுண்டெலியின் காதுத் தோலில் சுட்டபோது, அதன் இரத்தத்தில் எதிர்ப்பொருள் உண்டானது. 1993-இல் வெளியான ஆய்வு ஒன்றில், 0.4 மைக்ரோகிராம் டி.என்.ஏ.வை இம்முறையில் செலுத்தியே சுண்டெலிகளை இன்ஃபுளுவென்சாவில் இருந்து காத்தனர். உப்பு நீரில் கரைத்து ஊசியால் போடும்போது, இதைப்போல் 250 முதல் 2,500 மடங்கு வரை மருந்து தேவைப்பட்டது.

மற்ற முறைகள்

1. தோலுக்குள் ஊசி: மயிரை மழித்து, மெல்லிய ஊசியால் தோலின் அடுக்குக்குள்ளேயே மருந்தைச் செலுத்துவது. சரியாகப் போட்டால் சிறு கொப்புளம் போல் எழும்பும்.

2. மின் துடிப்பு: ஊசி போட்ட இடத்தில் நொடிக்கும் குறைவான நேரம் மின்சாரம் பாய்ச்சுவது. செல்லின் சவ்வில் நுண்துளைகள் திறந்து, டி.என்.ஏ. நுழைந்தபின் மூடிக்கொள்கின்றன.

3. பச்சை குத்துதல்: பச்சை குத்தும் கருவியால் மருந்தைப் பலமுறை மேலாகக் குத்துவது. நெதர்லாந்து அறிஞர்கள் 2005-இல் இதைச் சுண்டெலிகளில் செய்து நற்பலன் கண்டனர்.

4. மேற்பூச்சு: ஊசியின்றித் தோலில் தடவுவது. 1999-இல் சுண்டெலிகளில் செய்த சோதனையில், மயிர்க்கால்கள் உள்ள தோலில்தான் இது பலித்தது.

5. பீச்சுக் கருவி: மருந்தை மெல்லிய தாரையாக மிகுந்த வேகத்தில் பீச்சித் தோலைத் துளைக்கச் செய்வது. ஊசி வேண்டாம்.

எலியில் பலித்தது மாட்டில் பலிக்குமா?

இதுதான் முக்கியமான கேள்வி. சுண்டெலி 20, 30 கிராம் எடைதான். அதன் தோல் ஒரு மில்லிமீட்டர்கூடத் தடிப்பு இராது. மாட்டுத் தோலோ பல மில்லிமீட்டர் தடிப்பு உடையது. எலியில் நன்கு வேலை செய்த பல டி.என்.ஏ. மருந்துகள், பெரிய விலங்குகளிலும் மனிதரிலும் வலுவான எதிர்ப்புத் திறனைத் தரவில்லை. அதனால்தான் மனிதத் தோலை ஒத்த தோலுடைய பன்றியிலும் சோதனை செய்கிறார்கள்.

எனினும் முயற்சி வீண்போகவில்லை. 2005-இல் குதிரைக்கு ஒன்று அமெரிக்காவிலும், சால்மன் மீனுக்கு ஒன்று கனடாவிலும் டி.என்.ஏ. மருந்துகள் அனுமதி பெற்றன. அவை தசையில் போடுபவை. தோல் வழியே வந்த வெற்றி நம் நாட்டிலேயே நிகழ்ந்தது. அகமதாபாத்தைச் சேர்ந்த சைடஸ் நிறுவனத்தின் கொரோனா தடுப்பு மருந்து 'சைகோவ்-டி', சுண்டெலி, கினிப்பன்றி, முயல் ஆகியவற்றில் சோதிக்கப்பட்டு, பின்னர் மனிதரிலும் சோதிக்கப்பட்டது. 2021 ஆகஸ்டு 20 அன்று அவசரகால அனுமதி பெற்றது. மனிதருக்கென உலகில் முதலில் அனுமதி பெற்ற டி.என்.ஏ. தடுப்பு மருந்து இதுவே. ஊசியில்லாப் பீச்சுக் கருவியால், 28 நாள் இடைவெளியில் மூன்று தவணையாகத் தோலுக்குள் செலுத்தும்படி இது அமைந்தது.

நாம் செய்ய வேண்டியது

புதிய மருந்து வரட்டும் என்று காத்திருந்து, இப்போதுள்ள தடுப்பூசியைத் தள்ளிப்போடாதீர்கள். மாட்டுக்குக் கோமாரித் தடுப்பூசியை ஆண்டுக்கு இருமுறை தவறாமல் போடுங்கள். ஒவ்வொரு மருந்துக்கும் உரிய இடம் உண்டு. கோழி அம்மைக்கு இறக்கைச் சவ்வு. வெள்ளைக்கழிச்சலுக்கான லசோட்டாவுக்குக் குஞ்சின் கண் அல்லது மூக்கு. ஆட்டுக்கொல்லி நோய்க்குத் தோலுக்கு அடியில். கோழி அம்மை மருந்து போட்ட ஏழு முதல் பத்து நாளில் குத்திய இடத்தைத் தடவிப் பாருங்கள். சிறு தடிப்பு இருந்தால் மருந்து பிடித்தது என்று பொருள். பல கோழிகளில் தடிப்பு இல்லையென்றால் கால்நடை மருத்துவரைக் கேட்டு மீண்டும் போடுங்கள்.

அறிஞர்கள் வெங்காயத்தில் தொடங்கிப் பல ஆண்டுகள் பாடுபட்டது, மருந்தை உரிய இடத்தில் சேர்ப்பதற்காகவே. அந்தக் கவனம் நம் கொட்டகையிலும் இருந்தால், போட்ட மருந்து வீணாகாது.