படமும் பதிவேடும்



வெள்ளி விழாக் காணும் நம் கல்விச் சங்க மேடையில் புகைப்படத்தைப் பற்றிப் பேச முன்வந்துள்ளோம். காரணம் உண்டு. நம்மிடம் பயின்ற மாணவர் ஒருவர் ஜவ்வாது மலையடிவாரத்தில் புகைப்படத் தொழில் செய்கிறார். நம் மக்கள் சவத்தைச் சுமந்து, இடுப்பளவு ஓடைநீரைக் கடந்து சுடுகாடு செல்வதை அவர் படமெடுத்தார். பாதை கோரிய மனுவுடன் அதனை ஓர் அலுவலகத்தில் அளித்தார். ‘பதிவேட்டின்படி பாதை உள்ளது, படத்தை ஏற்பதற்கில்லை’ என்று மும்முறை திருப்பிவிட்டனர். “ஐயா, கண்ணால் கண்டதைக் காகிதம் பொய்யாக்குமானால் இந்தக் கேமரா எதற்கு?” என்று அவர் மனம் நொந்து கேட்டார்.

அவருக்குக் கூறிய விடையையே உங்களுக்கும் கூறுகிறோம்.

கோலார் தங்கவயல் நமக்கு அந்நிய ஊரன்று. வட ஆர்க்காட்டிலிருந்து நம் முன்னோர் பலர் பிழைப்புத் தேடிச் சென்று சுரங்கத்தில் உழைத்த ஊர் அது. அங்கே துப்புரவுத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவர் பெஜவாடா வில்சன். மனிதர் மலத்தை மனிதர் அள்ளும் கொடுமையை ஒழிக்கக் கோரி 1986 முதல் நிர்வாகத்துக்கும் அமைச்சர்களுக்கும் மடல்கள் எழுதினார். பெரும்பாலும் பதிலே இல்லை. 1993இல் தடைச் சட்டம் இயற்றப்பட்டது. உலர் கழிப்பிடங்களோ அப்படியே நின்றன. அவற்றைப் படமெடுத்து நாளிதழுக்கு அனுப்பினார். ‘டெக்கான் ஹெரால்டு’ அவற்றை வெளியிட்டதும் நிர்வாகம் அவசரக் கூட்டம் கூட்டி அவரையும் அழைத்தது. கழிப்பிடங்களை மாற்றவும், தொழிலாளர்க்கு வேறு பணி அளிக்கவும் பேச்சு நடந்தது.

2003இல் துப்புரவுப் பணியாளர் இயக்கம் உச்ச நீதிமன்றம் சென்றது. ‘எங்களிடம் இவ்வழக்கம் இல்லை’ என்றன மாநிலங்கள் பல. இயக்கத்தினர் தளராது சான்றுகளை அடுக்கினர். 1993 முதல் கழிவுநீர்க் குழிகளில் மாண்டோர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் வழங்குமாறு 2014 மார்ச் 27இல் தீர்ப்பு வந்தது. வழக்கு தொடுத்துப் பதினோராண்டுகள்!

இளைஞர்களே, மறுப்பு முடிவன்று. ஆயினும் வெறும் படத்தை எளிதில் தள்ளிவிடுவர். எடுத்த நாள், இடம், சர்வே எண், சாட்சிகளின் கையொப்பம் ஆகியவற்றை இணையுங்கள். மூலப்படத்தைப் பாதுகாத்திடுங்கள். மனுவுக்கு ஒப்புகை பெறுங்கள். 2005ஆம் ஆண்டின் தகவல் பெறும் உரிமைச் சட்டப்படி அந்தப் பதிவேட்டின் நகலையே கேளுங்கள். படத்தையும் பதிவேட்டையும் அருகருகே வைத்தால் எது பொய்யென்று எவரும் அறிவர்.

நம் மாணவர் நகல் கோரி மனு அளித்துள்ளார். பாதை இன்னும் வரவில்லை. ஆனால் கேமராவை அவர் கீழே வைக்கவில்லை. நீங்களும் வைக்காதீர்கள்.