அட்டைக் கணக்கு

இன்று பட்டம் வாங்கும் கடல் உயிரியல் பிள்ளைகளே, நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

முப்பத்தைந்து வருடமாகக் கடல் அட்டைதான் என் படிப்பு, என் வேலை. கையில் எடுத்தால் ஈரத் தோல்பை மாதிரி கனக்கும். மணலை விழுங்கி, அதிலுள்ள மக்கலைச் செரித்து, சுத்த மணலாகத் திருப்பித் தரும். நம் வீடுகளில் இதைச் சமைப்பதில்லை. வேகவைத்து, மணலில் புதைத்து, மறுபடி வேகவைத்து, காயவைத்துச் சீனாவுக்கும் சிங்கப்பூருக்கும் அனுப்பினார்கள்.

ஆராய்ச்சி மாணவியாக மண்டபம் பக்கம் ஒரு கிராமத்தில் தங்கியிருந்தேன். அங்கே ஒரு பெரியவர், மூச்சடக்கி முங்கி அட்டை எடுப்பவர். நாற்பது பக்க நோட்டு ஒன்றில் தினமும் மூன்று விவரம் எழுதுவார்: தேதி, எத்தனை அட்டை, எத்தனை பாகம் (இரு கை விரித்த அளவு) ஆழம். முதல் பக்கங்களில் இரண்டு பாகம். போகப் போக மூன்று, நான்கு. எழுதிய கடைசிப் பக்கங்களில் ஆறு பாகம். எண்ணிக்கையோ பாதிக்கும் கீழே. “அட்டை ஆழத்துக்குப் போயிருச்சு போல” என்றேன். “போகலம்மா. மேல இருந்ததை நாங்க எடுத்துட்டோம்” என்றார். என் ஆய்வேட்டின் மையக் கருத்தே அந்த ஒரு வாக்கியம்தான்.

அட்டை இணை சேர்வதில்லை. ஆணும் பெண்ணும் விந்தையும் முட்டையையும் தண்ணீரில் விட்டுவிடும். பக்கத்தில் துணை இல்லையென்றால் எல்லாம் வீண். அதனால் கடைசி அட்டை பிடிபடுவதற்கு வெகுநாள் முன்பே அந்த இடத்தில் இனப்பெருக்கம் நின்றுபோகும்.

2001-இல் இந்திய அரசு கடல் அட்டைகள் அனைத்தையும் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலிக்கும் யானைக்கும் பக்கத்தில் சேர்த்தது. எடுத்தால் சிறை. இலங்கையோ உரிமம் கொடுத்து முங்கி எடுக்க விடுகிறது. யாழ்ப்பாணம், மன்னார்ப் பக்கம் ஆழமில்லாத கடலில் வலை அடைத்து வளர்க்கவும் விடுகிறது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே சுமார் முப்பது கிலோமீட்டர். 1974-இல் இரண்டு அரசுகளும் பாக் நீரிணையில் எல்லைக்கோடு போட்டன. முட்டையும் குஞ்சும் நீரோட்டத்தில் அந்தக் கோட்டைத் தாண்டிப் போய்வரும். இங்கிருந்து களவாகப் படகேறும் அட்டை, அந்தக் கரையில் உரிமத்தோடு எடுத்த சரக்கோடு கலந்துவிடுகிறது.

எனக்கு ஆறாத வருத்தம் ஒன்று உண்டு. 1988-இல் தூத்துக்குடியில் மத்திய கடல்மீன் ஆய்வு நிலையத்தார் கடல் அட்டைக் குஞ்சு பொரிக்க வைத்துக் காட்டினார்கள். நம் கைவசம் இருந்த வித்தை அது. தடை வந்ததும் அந்தக் குஞ்சுகளைக் கடலில் வளர்த்து மீனவர் பிழைக்கும் வழி அடைபட்டது.

தடை அன்று தேவைப்பட்டது என்று இன்றும் சொல்வேன். ஆனால் வருடாவருடம் கடலுக்குள் இறங்கி எண்ணாத தடை பாதி வேலைதான். எண்ணாத உரிமம் அதைவிட மோசம். 2008-இல் இலங்கை ஆய்வாளர்கள் தங்கள் வடமேற்கிலும் கிழக்கிலும் முங்கி எண்ணினார்கள், நல்ல வேலை. பாக் நீரிணையில் இரண்டு நாட்டுப் பிள்ளைகளும் ஒரே மாதத்தில், ஒரே முறையில் எண்ண வேண்டும். எத்தனை இருக்கிறது என்று தெரிந்தால்தான் எதை மூடுவது, எதைத் திறப்பது என்று இரண்டு அரசுகளும் சேர்ந்து உட்கார்ந்து பேச முடியும். அதற்கு மூச்சும் பொறுமையும் உள்ளவர்கள் வேண்டும். அது நீங்கள்தான் பிள்ளைகளே.

பெரியவர் காலமாகிவிட்டார். நோட்டு என்னிடம் இருக்கிறது. உப்பேறி ஓரம் பொடிகிறது. கடைசி பதினோரு பக்கம் காலி. உங்களில் யார் கேட்டாலும் தருகிறேன். மன்னார்க் கரையிலும் ஒரு வீட்டில் இப்படி ஒரு நோட்டு இருக்கும் என்று நம்புகிறேன். அதையும் தமிழில்தான் எழுதியிருப்பார்கள்.