அல்பாக்காக்களோடு ஒரு பகல்

ஒட்டகத்தைத் தமிழர் தொல்காப்பியர் காலந்தொட்டே அறிவர். மரபியலிலே குதிரை, கழுதை ஆகியவற்றோடு அதன் பெயரும் இடம்பெற்றுள்ளது. ஆயின், அவ்வொட்டகத்தின் தாயாதிகள் நால்வர் தென்னமெரிக்காவின் மலைமுகடுகளிலே திமில் இன்றி வாழ்ந்து வருவதை அறிந்தவர் சிலரே. குவானாக்கோவும் விக்கூனாவும் காட்டு விலங்குகள். இலாமா சுமை தூக்குவது. நான்காவதாகிய அல்பாக்கா உரோமத்துக்கென்றே வளர்க்கப்படுவது. அஃது இலாமாவின் இனத்தினின்றும் பிரிந்தது என்றே நெடுங்காலம் பலர் கருதினர். 2001ஆம் ஆண்டில் வெளிவந்த மரபணு ஆராய்ச்சி, அதன் மூதாதை விக்கூனாவே எனக் காட்டிற்று. அந்தீசு மலைவாணர் அதனைப் பழக்கத் தொடங்கி ஆறாயிரம் ஆண்டுக்கு மேலாகின்றது.

இந்நாளில் இங்கிலாந்திலும் அவுத்திரேலியாவிலும் நகரத்தார் விடுமுறை நாளொன்றிலே பணங் கொடுத்து, ஓர் அல்பாக்காவின் கயிற்றைக் கையிற் பிடித்து, நாட்டுப்புறப் பாதையில் ஒரு மணி நேரம் உலாவி மகிழ்கின்றனர். விலங்கு சாதுவானது, நீண்ட கழுத்தும் பெரிய கண்களும் உடையது, நடக்கும்போது முணுமுணுவென்று மெல்லிய ஒலி எழுப்புவது. அவர்கள் மகிழ்வதில் வியப்பில்லை. அதன் தாயகத்திலோ அதனோடு நடத்தல் பொழுதுபோக்கன்று, பிழைப்பு. அங்கே கயிறும் இல்லை.

பெரு நாட்டின் தென்பகுதியிலே அவுசங்காத்தே என்னும் பனிச்சிகரம் உள்ளது. அதன் அடிவாரத்து மேய்ச்சல் நிலங்கள் ஏறத்தாழ 15,000 அடி உயரத்தில் அமைந்தவை. அங்கே நெல்லும் இல்லை, சோளமும் இல்லை. உருளைக்கிழங்குகூட அவ்வளவு உயரத்தில் விளைவதில்லை. புல் ஒன்றே விளைவது. அப்புல்லை மனிதனுக்கு உணவாகவும் உடையாகவும் ஆக்கித் தருவது அல்பாக்கா.

மாரிக்காலமாகிய சனவரி மாதத்தில், கெச்சுவா மொழி பேசும் ஒரு மூதாட்டியும் அவள் பேர்த்தியும் மந்தையோடு புறப்படும் ஒரு நாளைக் கருதுவோம். விடியற்காலையிலே கற்களை அடுக்கிக் கட்டிய பட்டிக்குள் விலங்குகள் கால்களை மடக்கிப் படுத்திருக்கின்றன. அவற்றின் முதுகுகளிலே உறைபனி வெண்ணிறமாய்ப் படிந்துள்ளது. உள்ளே உடலின் வெப்பம் சிறிதும் வெளியேறாமையாலேயே மேலே பனி உருகாது கிடக்கின்றது. பட்டியை உடனே திறந்துவிடுவதில்லை. வெயில் ஏறிப் புல்லின் மேலுள்ள பனி உருகும் வரை பொறுத்திருத்தல் வேண்டும். அதற்குள் காலையுணவு முடிகின்றது. இரவுப் பனியில் உறையவைத்து, காலால் மிதித்து நீர் போக்கி, வெயிலில் உலர்த்திய உருளைக்கிழங்கினாலாய கஞ்சியே அவ்வுணவு. அடுப்பெரிப்பது அல்பாக்காவின் உலர்ந்த சாணம். இவ்விலங்குகள் மந்தை முழுவதும் ஓரிடத்திலேயே சாணமிடும் வழக்கமுடையவை. ஆதலின் அதனைத் தேடித் திரிய வேண்டுவதில்லை. இத்துணை ஒழுங்கை மனிதரிடத்தும் எதிர்பார்ப்பது அரிது!

பட்டி திறந்ததும் வயது முதிர்ந்த பெண் விலங்குகள் முன்னே செல்ல, மற்றவை தொடர்கின்றன. மூதாட்டியின் கையிலே நூற்குந் தக்களி. நடந்துகொண்டே அவள் நூல் நூற்கின்றாள். பேர்த்தியின் இடுப்பிலே கம்பளி நூலாற் பின்னிய கவண். தினைப்புனங் காத்த நம் பழந்தமிழ் மகளிர் கையிலிருந்த அதே கருவிதான். வழிதவறும் விலங்கின் அருகே ஒரு கல்லை எறிந்தாற் போதும், அது திரும்பிவிடும். நரிக்கும் அதுவே மருந்து.

மந்தை சென்றடைவது பனிமலையினின்றும் கசியும் நீரால் என்றும் பசுமையாயிருக்கும் ஈரப்புற்றரை. அல்பாக்காவின் பாதம் குளம்பன்று. இரு விரல்களும் மெத்தென்ற அடியும் உடையது. ஆதலின் ஆடும் குதிரையும் கிழித்துவிடும் அம்மென்னிலத்தை அது கெடுப்பதில்லை. புற்றரை தானாகவே பரந்ததென்றும் எண்ணலாகாது. சிறு வாய்க்கால்களை வெட்டி, ஓடையின் நீரைத் திருப்பி, முன்னோர் தலைமுறை தலைமுறையாக அதனை விரித்து வந்துள்ளனர். மூதாட்டி வழியிலே மண்ணால் அடைபட்ட வாய்க்கால் ஒன்றைக் காலாலே திறந்துவிட்டுச் செல்கின்றாள்.

முற்பகலிலே ஒரு பெண் விலங்கு மந்தையினின்றும் விலகி நிற்கின்றது. ஏறத்தாழ பதினொரு மாதச் சூல் முதிர்ந்துவிட்டது. அல்பாக்காக்கள் பெரும்பாலும் பகலின் முற்பகுதியிலேயே ஈனுகின்றன. அதற்குத் தக்க காரணமும் உண்டு. பசு தன் கன்றை நக்கி உலர்த்தும். அல்பாக்காவோ தன் குட்டியை நக்குவதில்லை; அதன் நாக்கு அவ்வாறு நீளும் அமைப்புடையதன்று. முகர்ந்து, முணுமுணுத்து, அருகே நிற்றலே அத்தாய் செய்யத்தக்கது. ஈரத்தைப் போக்குவது வெயிலும் காற்றுமே. அம்மலையிலோ நண்பகலுக்குப் பின் இடியும் ஆலங்கட்டி மழையும் வருவது மாரிக்கால வழக்கம். ஈரம் உலர்வதற்கு முன் மழை வந்துவிடின் குட்டி குளிரால் மடிந்துபோகும்.

அன்று குட்டி பிறக்கும்போதே மேற்கே முகில் கறுக்கின்றது. மூதாட்டி தன் தோட்சால்வையை அவிழ்த்துக் குட்டியைத் துடைக்கின்றாள். பேர்த்தி மந்தையை மேட்டுப் பாறையின் மறைவுக்கு ஓட்டுகின்றாள். எழுந்து விழுந்து மறுபடியும் எழும் குட்டி, தாய்மடியைத் தேடிப் பிடிக்கும்போது முதல் ஆலங்கட்டி விழுகின்றது. சால்வைக்குள் குட்டியைச் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, மழை ஓயும் வரை மூதாட்டி நனைந்தபடியே அமர்ந்திருக்கின்றாள். தாய் விலங்கு அவளை விட்டகலாது நிற்கின்றது.

ஒரு குட்டிக்கு இவ்வளவு பாடா என்று கேட்கலாம். வளர்ந்த விலங்கொன்று ஒருமுறை கத்தரிக்கும்போது நாலைந்து இறாத்தல் உரோமமே தரும். அதனையும் இடைத்தரகர் மலைமேல் வந்து, தாம் சொல்லும் விலைக்கே வாங்கிச் செல்கின்றனர். 1836ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தின் பிராட்போட்டிலே தைத்தசு சோல்ற் என்பார் இவ்வுரோமத்தை நூற்கும் வழி கண்டு பெருஞ்செல்வரானார். 1858இல் சாள்சு இலெச்சர் என்பார் இருநூற்றுக்கு மேற்பட்ட விலங்குகளைச் சிட்னிக்குக் கொண்டுசேர்த்தார், அம்முயற்சி பயனளிக்கவில்லை. ஆலைகள் சாயம் ஏற்றுவதற்கு எளிதான வெள்ளை உரோமத்தையே விரும்பினமையால், கறுப்பும் கபிலமும் சாம்பலுமாகிய விலங்குகள் மந்தைகளில் அருகிவிட்டன. பழைய நிறங்களை இயற்கையே நெய்து தந்திருக்க, அவற்றை ஒழித்துப் பின் சாயத்தாலே திரும்பப் பெறும் வாணிகம் விந்தையானதே.

2012ஆம் ஆண்டின் வேளாண்மைக் கணக்கெடுப்பின்படி பெருவிலே 36 இலட்சத்துக்கு மேற்பட்ட அல்பாக்காக்கள் இருந்தன. விலங்குகள் இருந்தென்ன, நீர் வேண்டுமே! 1962ஆம் ஆண்டுக்கும் 2020ஆம் ஆண்டுக்கும் இடையில் அந்நாட்டின் பனிப்பரப்பிற் பாதிக்கு மேல் மறைந்துவிட்டது. புற்றரையின் ஓரங்கள் மஞ்சளித்து வருவதை அறிய மேய்ப்பருக்கு அறிஞர் உதவி வேண்டுவதில்லை. இளைஞர் பலர் நகரங்களுக்கு இறங்கிச் செல்கின்றனர்.

மாலையிலே மந்தை பட்டிக்குத் திரும்புகின்றது. குறுகிய வாயிலின் இரு மருங்கும் நின்று இருவரும் எண்ணுகின்றனர். மூதாட்டி எண்களை நம்புவதில்லை. முகங்களைப் பார்த்தே அறிகின்றாள். பேர்த்தி எண்ணி முடித்து, ஒன்று கூடுதலாக இருக்கின்றதென்கின்றாள். குட்டி கறுப்பு நிறம். அதற்கு விலை குறைவென்பது இருவருக்குந் தெரியும். மூதாட்டி ஈரச் சால்வையைப் பட்டிச் சுவரின் மேல் உலரப் போட்டுவிட்டு, கல்லை நகர்த்தி வாயிலை அடைக்கின்றாள்.