வாணியம்பாடியிலிருந்து அல்அஸ்ஹர் வரை

(கொல்லிமலை செம்மேட்டில் இளைஞர்களும் வணிகர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரை)

  

காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே வந்து இறங்கியதும் ஒரு தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஹஸ்ரத்! ஏழு வருடம் ஓதி மவ்லவி ஆகிவிட்டேன். இப்போது மிளகு மண்டியில் கணக்கு எழுதுகிறேன். டாக்டர் பட்டம் வரை படிக்க ஆசை. இனி வழி உண்டா?" என்றார். பக்கத்தில் நின்ற ஒரு வணிகர் சிரித்துவிட்டார். வேறு விஷயம் பேச வந்த நான், அந்தச் சிரிப்புக்காகவே தலைப்பை மாற்றிக்கொண்டேன்.

சகோதரர்களே! உலகின் பல நாடுகளில் அரபு கற்கத் தொடங்குபவரின் கையில் 'மதீனா புத்தகம்' என்ற மூன்று பாகப் பாடநூல் இருக்கிறது. அதை எழுதியவர் அரபி அல்ல, நம் வாணியம்பாடிக்காரர்! டாக்டர் வி. அப்துர் ரஹீம். 1933ல் பிறந்தவர், 2023ல் இறைவனிடம் சேர்ந்தார்.

அவர் போன பாதையைக் கவனியுங்கள். சிறுவயதில் மக்தபில் குர்ஆன் ஓதினார். படித்த பள்ளியிலோ அரபுப் பாடம் இல்லை. இலக்கணத்தைச் சொந்த முயற்சியில்தான் கற்றுக்கொண்டார். பிறகு சென்னை மாநிலக் கல்லூரியில் எதைப் படித்தார் தெரியுமா? ஆங்கில இலக்கியம்! 1957ல் அதில்தான் பட்டம் பெற்றார். அத்தோடு சென்னைப் பல்கலைக்கழகத்தின் அஃப்ஸலுல் உலமா தேர்வையும் எழுதித் தேறினார். 1964ல் கெய்ரோ போய் அல்அஸ்ஹரில் சேர்ந்தார். அப்போது வயது 31. அரபு மொழியியலில் முனைவர் ஆனார். 1969 முதல் மதீனா இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தில் அரபியரல்லாத மாணவர்களுக்கு அரபு கற்பித்தார். ஆங்கிலம் படித்த தமிழ்நாட்டுக்காரர், அதுவும் மதீனாவில்!

ஆங்கிலம் படித்த காலம் வீண் என்று யாராவது சொல்வீர்களா? அரபியில் கலந்த பிறமொழிச் சொற்களைப் பற்றி ஜவாலீகீ என்ற அறிஞர் 12ம் நூற்றாண்டில் ஒரு நூல் எழுதினார். அதை ஆய்ந்து பதிப்பித்தவர் இவர். அரபி மட்டும் தெரிந்தவரால் அந்த வேலை ஆகுமா? நீங்கள் தினமும் மூட்டை போடுகிறீர்களே மிளகு, அதற்கு அரபியில் 'ஃபில்ஃபில்' என்று பெயர். அது 'பிப்பலி' என்ற இந்தியச் சொல். பாரசீகம் வழியாக அரபுக்குப் போனது. வணிகர் சுமந்த சரக்கோடு சொல்லும் கப்பலேறியது! இதைக் கண்டுபிடிக்கப் பல மொழி வேண்டும்.

நான் ஓதிய காலத்தில் ஆங்கிலப் புத்தகத்தைத் தலையணைக்கு அடியில் ஒளித்து வைத்துப் படித்தோம். எந்த மதரஸா என்று கேட்காதீர்கள். என் ஆசிரியர்கள் மீது எனக்கு இன்றும் அன்பு உண்டு. ஆனால் அந்த ஒளிவு மறைவால் நான் இழந்த வருடங்கள் எனக்குத்தான் தெரியும்.

தம்பி! சுற்றுப்பாதையில் போகலாம். ஆனால் படியைத் தாண்டிக் குதிக்காதே. அப்துர் ரஹீம் அவர்கள் தானாகக் கற்றார், ஆனால் தேர்வுகளையும் எழுதினார். இதை மறந்தவர்கள் நம்மில் பலர். இளங்கலை இல்லாமலே திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேராக எம்.ஏ. வாங்கினார்கள். 2009ல் உச்ச நீதிமன்றம் அத்தகைய பட்டம் செல்லாது என்று தீர்ப்பளித்தபோது தலையில் கை வைத்தார்கள். எனவே பள்ளியைப் பாதியில் விட்டு மதரஸா வந்தவர் முதலில் 10, 12ம் வகுப்புகளைத் தனித்தேர்வராக எழுதட்டும். பிறகு மூன்று வருட இளங்கலை, பிறகு முதுகலை. மதரஸா மாணவர்களைக் கல்லூரிக்குத் தயார் செய்ய அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகம் 2013ல் ஓர் இணைப்புப் படிப்பைத் தொடங்கியது. சில மத்தியப் பல்கலைக்கழகங்கள் குறிப்பிட்ட மதரஸாக்களின் சான்றிதழை ஏற்கின்றன. உன் மதரஸா அந்தப் பட்டியலில் உள்ளதா என்று எழுதிக் கேட்டுவிட்டுச் சேர். வாய்வார்த்தையை நம்பாதே.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ம் ஆண்டு விதிப்படி, முனைவர் படிப்புக்கு முதுகலையில் 55 சதவீதம் வேண்டும். கிரீமிலேயரில் வராத பிற்படுத்தப்பட்டோருக்கு 5 சதவீதம் சலுகை உண்டு. நான்கு வருட இளங்கலையில் 75 சதவீதம் எடுத்தவர் நேராகவே விண்ணப்பிக்கலாம். வேலை பார்த்துக்கொண்டே பகுதி நேரமாகச் செய்யவும் அனுமதி உண்டு. மண்டிக் கணக்கை விட்டுவிட வேண்டியதில்லை!

இனி, சிரித்த வணிகரிடம் ஒரு வார்த்தை. கோபிக்காதீர்கள் பாய்! சிறுபான்மை ஆய்வு மாணவர்களுக்காக 2009ல் வந்த மௌலானா ஆசாத் உதவித்தொகையை 2022ல் ஒன்றிய அரசு நிறுத்திவிட்டது. அதை மீண்டும் கேட்டுப் போராடுவது நம் வேலை, போராடுவோம். அதுவரை அந்தப் பிள்ளைகளுக்குச் சோறு யார் போடுவது? தோல் வணிகர்களின் ஊரான வாணியம்பாடியில் 1919லேயே இஸ்லாமியாக் கல்லூரி எழுந்தது. திருச்சியில் ஜமால் முகமது சாஹிப், காஜாமியான் ராவுத்தர் என்ற இரு வணிகர்களின் பெயரைச் சொல்லிக்கொண்டு 1951 முதல் ஒரு கல்லூரி நிற்கிறது. உங்களைக் கல்லூரி கட்டச் சொல்லவில்லை. சோளக்காட்டுச் சந்தையில் அன்னாசிக்கும் வாழைக்கும் முன்பணம் கொடுத்துவிட்டு விளைச்சலுக்குக் காத்திருக்கிறீர்கள் அல்லவா? ஒரே ஒரு மாணவருக்கு ஐந்து வருடம் அப்படிக் காத்திருக்க முடியுமா? நாலு கடைக்காரர்கள் சேர்ந்தால் போதும்.

தொழுகை முடிந்ததும் நான் கீழே இறங்கப் போவதில்லை, இஷா வரை இங்கேதான் உட்கார்ந்திருப்பேன். கேள்வி கேட்ட தம்பி தன் சான்றிதழ்களை எடுத்து வரட்டும். உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பிள்ளை இருந்தால் கையோடு கூட்டி வாருங்கள். அந்த வணிகரும் வந்தால் பக்கத்தில் இடம் போட்டு வைக்கிறேன்.