நினைவுள்ள உலோகமும் நம் சொற்களும்



நம் வகுப்பறைகளில் பல் வரிசையைச் சீர்செய்யக் கம்பி அணிந்த மாணவர் சிலரேனும் இருப்பர். அக்கம்பிகளுள் ஒரு வகை, பனிக்கட்டி நீர் பட்டதும் தளரும். வாய்ச்சூட்டில் மீண்டும் விறைக்கும். இதன் காரணத்தை ஒரு மாணவர் வினவினால், நாம் தமிழிலேயே தெளிவாக விடையிறுக்க இயலுமா? இன்றைய உரை அவ்வினாவைப் பற்றியதே.

அக்கம்பி, நிக்கலும் டைட்டேனியமும் ஏறத்தாழச் சம எண்ணிக்கை அணுக்களாகச் சேர்ந்த உலோகக் கலவை. அமெரிக்கக் கடற்படையின் படைக்கல ஆய்வகத்தில் வில்லியம் பியூலர் 1959 வாக்கில் இதனை ஆராய்ந்தார். இரு உலோகங்களின் பெயர்களையும் ஆய்வகத்தின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளையும் இணைத்து 'நிட்டினால்' என்று பெயர் அமைந்தது. பின்னர் அங்கு நடந்த ஒரு கூட்டத்தில், பலமுறை மடிக்கப்பட்ட பட்டை ஒன்றினைத் தீயில் காட்ட, அது தானே நிமிர்ந்தது. இப்பண்பையே 'வடிவ நினைவு' என்கிறோம்.

சொல் அழகியது, எனினும் உலோகத்துக்கு நினைவு ஏது? பள்ளிச் சபைகூடலில் வரிசையாக நிற்கும் மாணவரை எண்ணிப் பாருங்கள். அவர்கள் இடம் மாறிவிட்டால் பழைய வரிசையை அமைப்பது கடினம். சாதாரணக் கம்பி வளைந்தால் அதன் அணுக்கள் இவ்வாறே நழுவி அயலாரை மாற்றிக்கொள்கின்றன. நிட்டினாலின் அணுக்களோ, அயலாரை விடாமல் வரிசையோடு சாய்கின்றன. குளிர்நிலையில் சாய்ந்து நிற்கும் அமைப்புக்கு மார்ட்டென்சைட்டு என்றும், வெப்பநிலையில் நிமிர்ந்து நிற்கும் அமைப்புக்கு ஆஸ்டினைட்டு என்றும் பெயர். சூடேறும்போது திரும்பும் வழி ஒன்றே என்பதால் பழைய வடிவம் மீள்கிறது.

இதனோடு மயங்கத்தக்க இன்னொரு பண்பும் உண்டு. நிமிர்ந்த நிலையிலுள்ள நிட்டினாலை அழுத்தினால், விசையே அதனைச் சாய்ந்த அமைப்புக்கு மாற்றும். விசை நீங்கியதும் அது தானே மீளும். இங்குச் சூடேற்ற வேண்டுவதில்லை. மீயொலி, மீக்கடத்தி என்னும் சொற்களில் உள்ள முன்னொட்டைக் கொண்டே இதனை 'மீமீட்சி' எனலாம். நூறு மில்லிமீட்டர் நீளக் கம்பியை ஏறத்தாழ எட்டு மில்லிமீட்டர் இழுத்தாலும் அது மீளும். எஃகுக் கம்பி ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் அளவிலேயே மீளும் திறனை இழக்கத் தொடங்கும்.

இவ்விரு சொற்களையும் பிரித்தறிவதன் பயன் மருத்துவத்தில் விளங்கும். நம் உடலின் வெப்பம் ஏறத்தாழ 37 பாகை செல்சியஸ். அது பெரிதும் மாறுவதில்லை. ஆகவே உடலுக்குள் வைக்கும் கருவிகள் பல மீமீட்சியையே நம்பியுள்ளன. கழுத்து, கால் ஆகியவற்றின் குருதிக்குழாய்களில் பொருத்தும் வலைக்குழாய் ஒரு மெல்லிய குழலுக்குள் சுருக்கிச் செலுத்தப்படுகிறது. குழலை விட்டு வெளிவந்ததும் விரிகிறது. வெளியிலிருந்து அழுத்தினாலும் மீண்டும் விரியும். எஃகு வலைக்குழாய் நசுங்கினால் நசுங்கியதே.

பல் மருத்துவத்துக்கு இவ்வுலோகத்தைக் கொணர்ந்தவர் அயோவா பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் ஆண்ட்ரியாசன். 1970களில் வந்த முதற்கம்பிகள் எஃகைவிட நன்கு வளைந்து மீண்டனவேயன்றி, மீமீட்சி உடையன அல்ல. மீமீட்சிக் கம்பிகள் 1980களின் இடைப்பகுதியில் வந்தன. பல் நகர்ந்த பின்னும் இவற்றின் மென்மையான விசை பெரிதும் குறையாது தொடர்கிறது. தொடக்கத்தில் கூறிய கம்பி வாய்ச்சூட்டில் ஆஸ்டினைட்டாக விறைத்து நிற்கிறது. பனிக்கட்டி நீரில் மார்ட்டென்சைட்டாகித் தளர்கிறது. மாணவரின் வினாவுக்கு விடை இதுவே.

1988இல் பல்வேர்ச் சிகிச்சைக்கான அரத்தையும் இவ்வுலோகத்தால் செய்து காட்டினர். வளைந்த வேருக்குள்ளும் அது வளைந்து செல்லும். ஆனால் ஒவ்வொரு சுழற்சியிலும் வளைவின் ஒரு பக்கம் இழுபட, மறுபக்கம் அழுந்துகிறது. அந்தச் சோர்வு திரண்டு, புறத்தே அடையாளம் எதுவும் தெரியாமலேயே அரம் முறிந்து துண்டு வேருக்குள் தங்கிவிடக்கூடும். எனவேதான் அதன் பயன்பாட்டுக்கு மருத்துவர்கள் வரம்பு வைக்கின்றனர். நிக்கல் ஒவ்வாமை உடையோரும் உண்டு. மேற்பரப்பிலுள்ள டைட்டேனியம் ஆக்சைடுப் படலம் நிக்கல் கசிவைப் பெரிதும் தடுப்பினும், ஒவ்வாமையை முன்கூட்டியே மருத்துவரிடம் கூறுவது கடமை.

மொழியின் பொறுப்பு இங்குதான் வருகிறது. 'நினைவுள்ள உலோகம்' என்று மட்டும் கேட்கும் முதியவர், அஃது என்றும் தவறாது, என்றும் முறியாது என்று எண்ணிக்கொண்டே ஒப்புதல் படிவத்தில் கையொப்பமிடலாம். 'இது வளைந்து மீளும். ஆயினும் சோர்ந்து முறியக்கூடும்' என்று பேரப்பிள்ளை தமிழில் விளக்கினால், அவர் கேட்க வேண்டிய வினாவைக் கேட்டபின் கையொப்பமிடுவார்.

ஆசிரியர்களே, கலைச்சொல்லை மனனம் செய்விப்பதோடு நாம் நின்றுவிட வேண்டா. அச்சொல் எதனை உணர்த்துகிறது, எதனை உணர்த்தவில்லை என்னும் இரண்டையும் கற்பிப்போம். அவ்வாறு கற்ற மாணவர் தம் வீட்டில் ஒருவர்க்கேனும் விளக்குவாராயின், நம் சொற்கள் பயன்பட்டன என்று கொள்வோம்.